நக்கவாரத்தை நெருங்கும் கடல்

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. அவன் கடல் கடந்து வென்ற இடங்களுள் ‘மாநக்கவாரம்’ ஒன்று. அதுதான் இன்றைய நிக்கோபார்!

அங்கே கார் நிக்கோபார் தீவில், கடலோரமாக, நமது விமானப்படைத் தளம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய சுனாமி அதையும் சூறையாடியது. வீரர்களும் குடும்பத்தாருமாக நூறு பேருக்கு மேல் மாண்டனர். தளம் மீண்டும் எழுப்பப்பட்டது.

சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது. இப்போதைய ஆபத்தோ ஓசையில்லாமல் வருகிறது. பூமி சூடேற, கடல்நீர் விரிகிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்துவிட்டது.

ஒரு சாண்தானே என்று இருந்துவிடலாமா? கடல் உயர்ந்தால் புயல் அலை இன்னும் உள்ளே வரும். கரை அரிக்கும். கிணறு உப்பாகும். தளத்துக்குச் சுவர் எழுப்பலாம். தீவை உயர்த்த முடியுமா?

நம் காவிரிக் கடைமடை வயல்களுக்கும் இதே கவலைதான். அங்கே ஓடுபாதை, இங்கே நெல்!