வெட்டவும் தெரியும், விடவும் தெரியும்

கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாவுக்கும் சத்துருக்கள் உண்டு. பேஜ் எனப்படும் வைரஸ்கள் தம் டி.என்.ஏ.வை அதன் உடலுக்குள் செலுத்தி, அதன் செலவிலேயே தம் சந்ததியைப் பெருக்கிக்கொண்டு, முடிவில் அதையே பிளந்து வெளிவருகின்றன. ஆயினும் ஒருவகைப் பாக்டீரியாவில் செழித்து வளரும் பேஜ், அதற்கு நெருங்கிய உறவான வேறொரு வகையில் புகுந்ததும் பெரும்பாலும் மாண்டுபோவது ஏன் என்று ஜெனீவாவில் ஆராய்ந்த வெர்னர் ஆர்பரும் டெய்ஸி துசுவாவும், உள்ளே வந்த அந்நிய டி.என்.ஏ. சிதைக்கப்படுகிறது என்பதை 1962-இல் வெளியிட்டார்கள். வைரஸின் வளர்ச்சிக்கு இவ்வாறு வரம்பு கட்டும் நொதிகளே ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்கள்.

இவற்றுள் பிரசித்தமானது, நம் குடலில் வாழும் ஈ.கோலை இனத்திலிருந்து பெறப்பட்ட ஈகோ-ஆர்-1. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளிலுள்ள எழுத்துகளில் ஏ-க்கு எதிரே டி-யும், ஜி-க்கு எதிரே சி-யும் நிற்கின்றன அல்லவா? இந்த நொதி தேடுவது ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்னும் ஆறெழுத்து வரிசையை. 'விகடகவி' என்ற சொல்லை ஒரே வரியில் திருப்பி வாசிக்கிறோம். இங்கேயோ எதிர் இழையை அதற்குரிய எதிர்த்திசையில் வாசித்தால் அதே ஆறெழுத்து வருகிறது. நொதியும் ஒன்றுபோன்ற இரு பாதிகளால் ஆனதாகையால், பாதிக்கு ஓர் இழையாக இரண்டையும் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்கிறது.

முதலில் டி.என்.ஏ.யின்மீது எங்கேனும் தளர்வாக அமர்ந்து நெடுக வழுக்கிச் செல்லும் இந்த நொதி, இழைகளைப் பிரிக்காமலே, முறுக்கின் அகன்ற பள்ளத்தில் தெரியும் எழுத்துகளின் ஓரங்களை ஹைட்ரஜன் பிணைப்புகளால் தொட்டுப் பரீக்ஷிக்கிறது. ஓரெழுத்து மாறினாலும் சாதாரணமாக அவ்விடத்தை விட்டுவிடும். ஆறும் பொருந்தினாலோ டி.என்.ஏ. சற்றே வளைய, மக்னீசிய அயனியின் துணையோடு ஒரு நீர் மூலக்கூறு ஜி-க்கும் ஏ-க்கும் இடையிலுள்ள பாஸ்பேட் பிணைப்பை அறுக்கிறது. இரு இழைகளிலும் வெட்டு நேருக்கு நேராக விழாததால், ஒவ்வொரு முனையிலும் ஏ-ஏ-டி-டி என்ற நான்கெழுத்து துணையின்றி நீண்டு நிற்கும். அதே நொதி வெட்டிய எந்த முனையோடும் அது சேரக்கூடியது.

அப்படியானால் பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.யில் இதே வரிசை இருக்குமே, அது எப்படித் தப்புகிறது? அங்கெல்லாம் இரண்டாவது ஏ-யின்மேல் ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட மெதைல் என்னும் சிறு முத்திரையைப் பதிக்க வேறொரு நொதி இருக்கிறது. முத்திரை கண்ட இடத்தில் வெட்டு விழுவதில்லை. டி.என்.ஏ. இரட்டிக்கும்போது புதிய இழை முத்திரையின்றிப் பிறந்தாலும், அதிலும் முத்திரை விழும்வரை பழைய இழையின் முத்திரை காவல் காக்கிறது.

கணக்கின்படி ஆறெழுத்து வரிசை ஒன்று சராசரியாக 4,096 எழுத்துகளுக்கு ஒருமுறை வரவேண்டும். ஆனால் 48,502 எழுத்து ஜோடிகளுள்ள லாம்டா என்னும் பேஜின் டி.என்.ஏ.யில் ஈகோ-ஆர்-1 வெட்டுவது ஐந்தே இடங்களில். எத்தனை முறை வெட்டினாலும் கிடைப்பவை அதே ஆறு துண்டுகள். இந்த நிச்சயத்தை நம்பித்தான் 1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் வெவ்வேறு டி.என்.ஏ.க்களை வெட்டி இணைத்தார்கள். இவ்வாறு டி.என்.ஏ.வை இணைக்கும் வழியிலேயே பாக்டீரியா உற்பத்தி செய்த மனித இன்சுலின் 1982-இல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. நம் கணையம் சுரக்கும் நொதியும் டி.என்.ஏ.வைத் துண்டாக்கும்; ஆனால் கண்ட இடத்தில் வெட்டுவதால், ஒரு ஜீனைப் பழுதின்றி எடுக்க அது உதவாது. இடமறிந்து வெட்டும் விவேகத்துக்காகவே விஞ்ஞானம் பாக்டீரியாவின் நொதியைக் கையில் எடுத்தது.