மாவும் வெள்ளிக்காசும் மாலைக் கூலியும்

இயேசு சொன்ன உவமைகளில் கோவிலும் குருமாரும் தலைகாட்டுவது அபூர்வம். மாவு பிசைகிறவள், விதைக்கிறவன், ஆடு மேய்க்கிறவன், வலை இழுக்கிறவர்கள், கணக்கில் மாட்டிக்கொண்ட காரியஸ்தன், அப்பா உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பிரித்துக் கேட்கும் இளைய மகன் என்று வீட்டிலும் வேலையிலும் தினமும் எதிர்ப்படும் ஆட்களை வைத்தே அவர் கடவுளின் ஆட்சியைப் பற்றிப் பேசினார். ஊழியத்தைத் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. அதற்கு முன் நாசரேத்தில் தச்சு வேலை. சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி செப்போரிஸ் நகரத்தை ஏரோது அந்திப்பா புதுப்பித்துக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பிரசங்கம் செய்த ஆண்டுகளைவிட உளி பிடித்த ஆண்டுகளே அவர் வாழ்வில் அதிகம்.

அன்றாட வாழ்க்கையிலிருந்து விசுவாசப் பாடம் எடுப்பது இன்றைய பிரசங்கங்களிலும் சகஜம். குக்கர் விசில், டிராஃபிக் சிக்னல், செல்போன் சார்ஜர் என எதற்கும் ஒரு வசனத்தை ஒட்டிவிட முடிகிறது. உவமைகள் வேலை செய்யும் விதம் வேறு. முதலில் தொழில் உள்ளபடி சொல்லப்படும். பிறகு எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஓரிடத்தில் பிசகும். பாடம் அந்தப் பிசகில்தான் இருக்கிறது.

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் மூன்று படி மாவில் புளித்த மாவைக் கலக்கிறாள். படி என்றதும் சின்ன அளவாகத் தோன்றும்; இன்றைய கணக்கில் அது 40 லிட்டருக்குப் பக்கம். ஏறத்தாழ நூறு பேருக்கு ரொட்டி சுடலாம். எந்த வீட்டிலும் ஒருவேளைச் சமையலுக்கு இவ்வளவு மாவு பிசைய மாட்டார்கள். போதாததற்கு, பஸ்கா நாட்களில் யூதர்கள் வீட்டைவிட்டே விலக்கும் பொருள் புளிப்பு. பரிசேயரின் போதனையை எச்சரிக்கும்போது இயேசுவே அதைக் கெட்டதற்கு அடையாளமாகச் சொன்னவர். அதை எடுத்துக் கடவுளின் ஆட்சிக்கு ஒப்பிட்டால், கேட்டவர்கள் நிச்சயம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

லூக்கா 15இல் வரும் பெண்ணிடம் பத்து வெள்ளிக்காசு. ஒரு காசு என்பது கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. தொலைந்தால் தேடத்தான் வேண்டும். கலிலேயாவின் கப்பர்நகூமில் அகழ்ந்தெடுத்த வீடுகள் கருங்கல் வீடுகள். தரையிலும் கல்தான், இடுக்கு இடுக்காக. அதில் விழுந்த காசுக்கு அவள் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். இதுவரை கணக்கு சரி. கிடைத்ததும் தோழிகளையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள். அவர்களுக்கு என்ன கொடுத்தாள் என்று லூக்கா எழுதவில்லை. எதைக் கொடுத்திருந்தாலும் கண்டெடுத்த காசில் பாதி போயிருக்கும்!

கணக்கு மிகப் பெரிதாகப் பிசகுவது மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்டத்தில். தோட்டத்துக்காரன் விடியற்காலையில் சந்தைக்குப் போய் ஒரு தெனாரியம் கூலி பேசி ஆள் பிடிக்கிறான். மறுபடியும் காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி, மாலை 5 மணி என்று போய்க்கொண்டே இருக்கிறான். சென்னையிலும் மதுரையிலும் காலையில் சாலைச் சந்திப்புகளில் சாப்பாட்டுத் தூக்கோடும் கரண்டியோடும் நிற்கும் கட்டட வேலையாட்களைப் பார்த்தவருக்கு இந்தச் சந்தையை விளக்க வேண்டியதில்லை. வெயில் ஏறியும் நிற்கிறவருக்கு அன்று வேலை கிடைப்பது கஷ்டம். மாலை 5 மணிக்கும் அங்கே நிற்கிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள்.

கூலியாளின் கூலியை அன்றைய பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24இல் உள்ள சட்டம். தோட்டத்துக்காரன் அதன்படியே கொடுக்கிறான், ஆனால் கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கி, எல்லோருக்கும் அதே ஒரு தெனாரியம். நாள் முழுதும் வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று எந்த மேஸ்திரியும் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு தெனாரியம் என்பது ஓர் எளிய குடும்பத்தின் ஒரு நாள் செலவு. ஒரு மணி நேர வேலைக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கிப் போனால் அன்றிரவு பிள்ளைகள் பட்டினி. தோட்டத்துக்காரன் கூலியை அளந்தது அந்த வீட்டு அடுப்பை வைத்து என்று வாசிக்க இங்கே இடமிருக்கிறது. கடைசி நேரத்தில் மனந்திரும்பியவர்களுக்கும் இரட்சிப்பு உண்டு என்றே பிரசங்கிகள் பெரும்பாலும் இதை விளக்குவார்கள். அதுவும் சரிதான். என்றாலும் கூலிக் கதையில் கூலியைப் பற்றியே வாய் திறக்காமல் மேடையிலிருந்து இறங்கிவிடுவது, கீழே உட்கார்ந்திருக்கும் முதலாளிகளுக்குத்தான் வசதி.

வேலையே பாடமாவதற்குப் பிற்காலத்தில் நல்ல உதாரணம் பாரிஸ் நகரின் கர்மேல் மடத்துச் சகோதரர் லாரன்ஸ். லொரேன் பகுதியில் பிறந்தவர், போர்வீரராக இருந்து காயப்பட்டவர், 1640இல் மடத்தில் சேர்ந்தவர். அவருக்குக் கொடுத்தது சமையற்கட்டு. இயல்பிலேயே அவருக்கு அந்த வேலை பிடிக்காது. பிடிக்காத வேலையைச் சுமார் 15 ஆண்டுகள் செய்தார். பிறகு செருப்பு தைக்கும் அறைக்கு மாற்றினார்கள். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும் கடவுளுக்காகவே செய்வதாகச் சொன்னவர் அவர். அடுப்பிலிருந்து ஆன்மிக உவமை எதையும் அவர் தேடவில்லை. முட்டை கருகாமல் பார்த்துக்கொண்டார். 1666 முதல் அவரோடு பேசி எழுதிவைத்த ஜோசப் தெ பொஃபோர் என்ற குருவால்தான், 1691இல் லாரன்ஸ் இறந்தபின் அந்த உரையாடல்கள் நூலாயின.

வழக்கமான கணக்குப் பிசகு ஒரு சமூகத்தின் சமையலறைப் பழக்கமாகவே ஆன இடமும் உண்டு. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைக் குடும்பங்களில் ஒவ்வொரு வேளையும் சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது, ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைப்பார்கள். புஃபாய் தம் என்று அதற்குப் பெயர். 1910இல், மலைக் கிராமங்களில் காணிக்கை போடக் கையில் காசில்லாத காலத்தில் தொடங்கியது. சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடுவீடாகப் போய் வாங்கி, விற்று, ஊழியச் செலவுக்குக் கொடுப்பார்கள். ஒரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் இது நடக்கிறது.