முகத்தில் பரு... கையில் டியூப்!



"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பார்கள். அகம் நன்றாக இருந்தும் முகம் மட்டும் எமரி பேப்பர் மாதிரி சொரசொரவென்று இருந்தால் என்ன செய்வது? மாகறலிலிருந்து பஸ் பிடித்து, பகலில் வேலை, மாலையில் பகுதி நேர டிப்ளமோ என்று ஓடும் எனக்கு வயது 27. "இந்த வயசுல என்னடா பரு? கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்றார் அத்தை. கல்யாணமும் ஆகவில்லை, பருவும் போகவில்லை!

முதலில் காரணத்தைப் பார்ப்போம். தோலில் ஒவ்வொரு முடிக்கால் பக்கத்திலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. எண்ணெயும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து துவாரத்தை அடைத்தால் சின்னப் பொரி எழும்புகிறது. வாய் மூடியிருந்தால் வெள்ளை முனை, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, தோலின் நிறமிதான். அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி பெருகும்போது வீங்கிச் சிவந்து பருவாகிறது. அடைப்பு உள்ளே இருக்க, வெளியே சோப்பைப் போட்டுத் தேய்த்து என்ன பயன்? கிரீஸ் நிப்பிள் அடைத்துக்கொண்டால் மேலே துணியால் துடைத்துச் சரியாகிறதா?

சுரப்பியை முடுக்குவது ஆண்ட்ரோஜன் ஹார்மோன். அதனால்தான் பதின்வயதில் அதிகம். ஆனால் 25-ஐத் தாண்டியும் பலருக்கு வரும். பெண்களுக்கு இன்னும் கூடுதல். மாதவிலக்கும் ஒழுங்கில்லை, தாடையில் முடியும் வளர்கிறது என்றால் சகோதரிகள் டாக்டரிடம் காட்டுவது நல்லது. அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம்.

பொரியெல்லாம் பருவும் அல்ல. நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு வந்தால் அது மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் இன்னும் அதிகமாகும்! தலையில் வழிய வழிய வைக்கும் எண்ணெயும் நெற்றியில் பொரியைக் கிளப்பும். லேத்தில் நிற்கும் நண்பர்களே, கட்டிங் ஆயில் ஊறிய உடையால் முன்கையிலும் தொடையிலும் இதேபோல் வரும். வேலை முடிந்ததும் கழுவி, உடை மாற்றுங்கள்.

இனி என் கதை. அக்கா கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். "அண்ணே, பருவுக்கு ஏதாவது குடுங்க." சீட்டு கேட்கவில்லை, டியூபை நீட்டினார். "ராத்திரில தடவு தம்பி, அஞ்சே நாள்ல பளிச்சுனு ஆயிடும்." ஆயிற்று! போட்டோவில் நான்தான் மாப்பிள்ளை மாதிரி. மூன்று மாதம் கழித்து டியூபை நிறுத்தினேன். முகம் சிவந்து எரிந்தது, முன்னைவிடப் பொரி. பயந்து மறுபடி தடவினேன். கடைசியில் அரசு மருத்துவமனைத் தோல் டாக்டர் டியூபைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஸ்டீராய்டுப்பா!"

ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும். அதனால் முதலில் பளிச்சென்று தெரியும். நாளாக ஆகத் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பருவும் பெருகும். நிறுத்தினால் சீறும். இதற்கு ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்றே 2008-இல் நம் நாட்டு மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தோல் கோளாறோடு வந்த 2926 பேரில் 433 பேர் இந்தக் களிம்பைத் தடவியவர்கள். அவர்களிடம் அதிகம் கண்ட கெடுதல் எது தெரியுமா? பருதான்! 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணையிட்டது. ஆகவே டியூபைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் பருவுக்குத் தடவாதீர்கள். ஏற்கெனவே பல நாளாகத் தடவுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

சரி, என்னதான் செய்வது?

* காலையும் இரவும் மிதமான சோப்பால் கழுவினால் போதும். தேய்க்காதீர்கள், கிள்ளாதீர்கள். கிள்ளினால் குழி மிஞ்சும்.
* பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் கிருமியைக் குறைக்கும். ஆனால் துணிச் சாயத்தை வெளுக்கும். தறியில் உட்காருகிறவர்கள் கை கழுவாமல் பட்டைத் தொடாதீர்கள்!
* அடாப்பலீன் அடைப்பை நீக்கும். இரவில் பட்டாணி அளவு, முகம் முழுக்க. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இதையும் டாக்டரைக் கேட்டே தொடங்குங்கள்.
* பொறுமை! பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். அஞ்சு நாளில் போகும் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

என் முகம் தேறப் பல மாதம் பிடித்தது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கு முதலிலேயே போயிருந்தால் ஒரு நாள் லீவோடு முடிந்திருக்கும். நீங்களாவது அந்த ஒரு நாள் லீவைப் போடுங்கள், நண்பர்களே!