அசிரியர்

அசிரியர் என்போர் இன்றைய ஈராக்கின் வடபகுதியில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் வாழ்ந்த பண்டைய மெசொப்பொத்தேமிய மக்கள் ஆவர். இவர்களின் முதல் நகரமான அசூர், அங்கு வழிபடப்பட்ட கடவுளின் பெயரைக் கொண்டிருந்தது. நாட்டின் பெயரும் அதிலிருந்தே தோன்றியது. போருக்கும் கடுந்தண்டனைக்கும் பெயர்பெற்ற இவர்களே மெசொப்பொத்தேமிய இலக்கியத்தின் பெரும்பகுதியைத் தொகுத்துக் காத்தவர்களும் ஆவர்.

வணிக நகரம்

கி.மு. 20 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை அசூர் ஒரு வணிக நகரமாக விளங்கியது. அதன் வணிகர்கள் வெள்ளீயத்தையும் துணிகளையும் கழுதைகளில் ஏற்றி, இன்றைய துருக்கியில் உள்ள கனேஷ் நகருக்குக் கொண்டுசென்று, வெள்ளியும் பொன்னும் பெற்றனர். அங்கு 20,000க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. கடன் பத்திரங்களுடன் குடும்பக் கடிதங்களும் அவற்றில் உள்ளன. அசூரில் துணி நெய்து அனுப்பிய பெண்கள், அதற்குரிய பணம் வந்துசேரவில்லை எனக் கணவருக்கு எழுதிய கடிதங்களும் உண்டு.

பேரரசு

புது அசிரியப் பேரரசு கி.மு. 911 முதல் 609 வரை நீடித்தது. மூன்றாம் திக்லத்-பிலேசர் (கி.மு. 745–727) மாகாண ஆட்சியையும் படையையும் வலுப்படுத்தினார். சென்னாசெரிப் நினிவேயைத் தலைநகராக்கி, மலைப்பகுதியிலிருந்து கால்வாய் வெட்டி நீர் கொண்டுவந்தார். அக்கால்வாய்க்காக ஜெர்வானில் கட்டப்பட்ட கல் நீர்ப்பாலத்தின் எச்சம் இன்றும் உள்ளது. கி.மு. 671இல் எசர்ஹத்தோனின் படைகள் எகிப்தின் மெம்பிஸ் நகரைக் கைப்பற்றின.

வெல்லப்பட்ட மக்கள் பெருந்தொகையாக வேறு மாகாணங்களில் குடியேற்றப்பட்டனர். இவர்களுள் பலர் பேசிய அரமேயம், காலப்போக்கில் அக்காதியத்துடன் பேரரசின் பொதுமொழியாயிற்று.

நினிவே நூலகம்

எழுதப் படிக்கக் கற்றதைப் பெருமையாகக் குறித்துக்கொண்ட மன்னர் அசூர்பனிபால், பபிலோனியக் கோயில்களிலிருந்தும் அறிஞர்களிடமிருந்தும் நூல்களைத் திரட்டிப் படியெடுக்கச் செய்தார். மருத்துவம், வானியல், சகுனம், மந்திரம் ஆகியவற்றுடன் கில்கமெஷ் காப்பியமும் அவற்றில் இருந்தது. இன்று 30,000க்கும் மேற்பட்ட பலகைகளும் துண்டுகளும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

கி.மு. 612இல் பபிலோனியரும் மீடியரும் நினிவேயைக் கைப்பற்றி எரித்தனர். மெழுகு பூசிய மரப்பலகைகள் அழிந்தன. களிமண் பலகைகளோ தப்பின. அவற்றுள் பல அத்தீயில் சுடப்பட்டு இறுகின. 1853இல் மோசுல் நகரைச் சேர்ந்த ஹோர்முஸ்த் ரசாம் அசூர்பனிபாலின் அரண்மனையை அகழ்ந்தெடுத்தார். அப்பலகைகளில் இருந்த பெருவெள்ளக் கதையை 1872இல் ஜார்ஜ் ஸ்மித் படித்தறிந்தார். விவிலியத்தின் நோவா கதையை ஒத்திருந்ததால் அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

இன்றைய நிலை

ஈராக், சிரியா, துருக்கி, ஈரான் ஆகிய நாடுகளின் கிறித்தவச் சமூகங்களுள் ஒன்று தன்னை அசிரியர் என அழைத்துக்கொள்கிறது. 1915இல் உதுமானியப் பேரரசில் இவர்கள் பெருமளவில் கொல்லப்பட்டனர். 2014இல் இசுலாமிய அரசு என்ற ஆயுதக் குழு நினிவே சமவெளியைக் கைப்பற்றியபோது பல்லாயிரவர் ஊர்களைவிட்டு ஓடினர். அடுத்த ஆண்டு அக்குழு நிம்ருத்தில் இருந்த இரண்டாம் அசூர்நசிர்பாலின் அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தது.

பேரரசின் அக்காதியம் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்தது. அப்பேரரசு ஊர் பெயர்த்த மக்களின் அரமேயம், புது அரமேயம் என்ற வடிவில் இன்றைய அசிரியரின் வீடுகளில் பேசப்படுகிறது. மக்கள் பல நாடுகளுக்குச் சிதறிவிட்டதால் அம்மொழியும் இப்போது அழியும் ஆபத்தில் உள்ளது.