மௌனம் உங்கள் உரிமை: எடைகுறைப்பு அறுவை சிகிச்சையும் பணியிடமும்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அங்கே யாருடைய செய்தியும் நெடுநாள் மறைந்திருப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான அந்தத் தெருவில் அரிசி, பலசரக்கு, பாத்திரம், நகை, பூ என்று கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தலைமுறைகளாகத் தமிழ் வணிகர்கள் கடை நடத்தும் இடம் அது. ஒருவர் நான்கு நாள் கடைக்கு வராவிட்டால், ஐந்தாம் நாள் எதிர்க்கடையிலிருந்து விசாரிப்பு வரும். சட்டை தளர்ந்து தொங்கினால், "என்ன அண்ணாச்சி, சர்க்கரையா?" என்று தேநீர் கொண்டு வருபவரும் கேட்பார்.

அத்தகைய கடை ஒன்றில் கணக்கு எழுதும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 42. உயரம் 160 செ.மீ.; எடை 106 கிலோ. நீரிழிவு மருந்துக்கு அடங்கவில்லை. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் பலமுறை முயன்று பலனளிக்காத நிலையில், மருத்துவர் எடைகுறைப்பு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார். வீட்டார் சம்மதித்துவிட்டனர். அவருடைய கவலை வேறு: "கடையில் யாருக்கும் தெரியாமல் இதைச் செய்துகொள்ள முடியுமா?"

முடியும். ஆனால் யாரிடம் மௌனம் காக்கலாம், யாரிடம் மௌனம் காக்கவே கூடாது என்ற வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

தயக்கம் எங்கிருந்து வருகிறது?

உடற்பருமனைச் சோம்பலின் விளைவாகவும் நாவடக்கம் இன்மையாகவும் கருதும் வழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆகவே அறுவை சிகிச்சை செய்துகொண்டவரைப் பார்த்து, "வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டார்" என்று பேசுவோர் உண்டு. உண்மையில் இது பரவலான ஓர் உடல்நலச் சிக்கல். 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளத்தில் பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினரும், தமிழகத்தில் சுமார் 40 விழுக்காட்டினரும் அளவுக்கு மிஞ்சிய எடை கொண்டவர்கள்.

சிகிச்சையும் எளிதான குறுக்குவழி அன்று. பரவலாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் சுமார் 80 விழுக்காடு அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் ஹார்மோனின் சுரப்பும் குறைகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் சிறு அளவு உணவு, வைட்டமின் மாத்திரைகள், முறையான இரத்தப் பரிசோதனை என்ற ஒழுங்கு தொடர வேண்டும்.

புகழ்பெற்றவர்களுக்கும் இந்தத் தயக்கம் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி, 2013 பிப்ரவரியில் வேறொரு பெயரில் மருத்துவமனையில் சேர்ந்து இத்தகைய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மே மாதத்தில் அவரே அதை வெளியில் சொன்னார். எப்போது, யாரிடம் சொல்வது என்பதைத் தீர்மானிப்பது நோயாளியின் விருப்பம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1991இல், பணியிடத்தைத் தொட்ட ஒரு வழக்கு வந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பணியில் சேர்ந்த ஒரு பெண், மாதவிடாய் பற்றிய கேள்விக்குத் தவறான விடை எழுதினார் என்று விலக்கப்பட்டார். அத்தகைய கேள்விகள் பெண்ணின் நாணத்தையும் சுயமரியாதையையும் புண்படுத்துபவை என்று கருதிய உச்சநீதிமன்றம், அவரை மீண்டும் பணியில் சேர்க்கவும், அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து நீக்கவும் உத்தரவிட்டது.

மருத்துவர்களுக்கும் கடமை உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிமுறைகளின்படி, தொழில்முறையில் அறிந்த நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, பிறருக்கு நேரக்கூடிய கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய் போன்றவையே விலக்குகள். எடைகுறைப்பு சிகிச்சை அவற்றுள் அடங்காது.

வங்கியின் கடமையும் இதைப் போன்றதே. இங்கிலாந்தில் டூர்னியர் என்பவர் வங்கிக்குச் சிறு தொகை பாக்கி வைத்திருந்தார். அவரது முகவரியைக் கேட்க அவர் வேலை செய்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்த வங்கி மேலாளர், அவரது கடனையும் பந்தயப் பழக்கத்தையும் பற்றிப் பேசிவிட்டார். டூர்னியரின் வேலை புதுப்பிக்கப்படவில்லை. 1924இல் அந்த வழக்கை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பது வங்கியின் கடமை என்று வரையறுத்தது. நம் நாட்டில் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்குக் கட்டுப்படுத்துகிறது.

செய்தி கசியும் வழிகள்

பெரும்பாலும் இரகசியம் வாயால் வெளியேறுவதில்லை; தாளாலும் கைப்பேசியாலும் வெளியேறுகிறது. ஆகவே சில முன்னேற்பாடுகள் தேவை.

முதலாவது, காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் சிகிச்சை பெற்றால், முன்அனுமதிப் படிவத்தில் நோயின் பெயர் இருக்கும். அது மருத்துவமனையிலிருந்து காப்பீட்டு நிர்வாக முகமைக்குச் செல்கிறது. அதன் தகவல் அலுவலக மின்னஞ்சலுக்கு வருகிறதா, உரிமைகோரல் பட்டியல் நிர்வாகப் பிரிவுக்குப் பெயருடன் போகிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். தொடர்புக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் பதிவு செய்யுங்கள்.

இச்சிகிச்சைக்குக் காப்பீடு எப்போது கிடைக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த வரையறைப்படி, நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். உடல்நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் இருந்தால், பிற முயற்சிகள் பலிக்காத நிலையில், இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத நீரிழிவு போன்றவற்றுள் ஒன்று இருக்க வேண்டும். எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதே இக்குறியீடு. நம் கணக்கருக்கு அது 41.4. காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறுபடும்; ஆவணத்தைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, பணப் பரிமாற்றம். மருத்துவமனைக்குச் செலுத்தும் தொகை, கணக்கு அறிக்கையில் அதன் பெயருடன் பதிவாகும். கடையின் வணிகக் கணக்கிலிருந்தோ, பங்குதாரருடன் வைத்துள்ள கூட்டுக் கணக்கிலிருந்தோ செலுத்தினால் மற்றவர் அதைக் காண்பார். உங்கள் தனிக் கணக்கைப் பயன்படுத்துங்கள். கல்லாவில் கிடக்கும் கைப்பேசியின் பூட்டிய திரையில் வங்கிக் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு அமைத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் முன்பணம் கேட்டால் காரணமும் கேட்கப்படும். வங்கியில் கடன் பெற்றால் அது வங்கிக்கும் உங்களுக்கும் இடைப்பட்டது.

மூன்றாவது, விடுப்புச் சான்றிதழ். அதில் 'வயிற்றில் துளைவழி அறுவை சிகிச்சை. இத்தனை நாள் ஓய்வு. இத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது' என்று மட்டும் எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். அது முழு உண்மை. தேவையான அளவு உண்மையும் ஆகும். மேசைப் பணிக்கு இரண்டு மூன்று வாரங்களில் திரும்பிவிடலாம். மூட்டை தூக்கும் வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவர்களுக்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவியாகக் கிடைக்கும்.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

கடையில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும்போது, நான்கு வாய் உணவோடு கையை எடுப்பவரை யாரும் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். "வயிற்றில் ஓர் ஆபரேஷன் நடந்தது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்" என்ற ஒரே விடை போதும். ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு கதை சொன்னால், கதைகளே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "தினமும் வெந்தயத் தண்ணீர் குடித்தேன், நாற்பது கிலோ குறைந்தது" என்று சொல்லாதீர்கள். உங்களைப் போலவே எடையால் அவதிப்படும் ஒருவர் அடுத்த மேசையில் இருக்கலாம். அவர் அதையே செய்துபார்த்து, பலன் காணாமல், குறை தம்மிடம்தான் என்று நொந்துபோவார். சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. பிறரைத் தவறான வழியில் செலுத்துவது அந்த உரிமையில் சேராது.

இரண்டாவது சாவி

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை ஒரு சாவியால் திறக்க முடியாது. ஒன்று வாடிக்கையாளரிடம், மற்றொன்று வங்கியிடம். அதற்கு நியமனதாரரையும் பதிவு செய்கிறோம். உள்ளே இருப்பது இரகசியம்தான். ஆயினும் அவசரத்தில் திறக்க ஒரு வழி இருந்தாக வேண்டும். இந்த இரகசியத்துக்கும் அதுவே பொருந்தும்.

அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களில் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, நிற்காத வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டிருக்கலாம். நீரிழிவு மருந்தின் அளவு சரியாகக் குறைக்கப்படாவிட்டால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். சாதாரண வலிமாத்திரைகளுள் சில, குறிப்பாக 'பைபாஸ்' முறை செய்துகொண்டவர்களுக்கு, குடற்புண் உண்டாக்கக்கூடும். நண்பகல் நெரிசலில் நம் கணக்கர் கல்லாவின் அருகே மயங்கி விழுந்தால், சுற்றி நிற்பவர்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாவிட்டால், அங்கே அவர் காத்த இரகசியமே அவருக்குப் பகையாகிவிடும்.

ஆகவே கடையில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மட்டுமாவது சொல்லிவையுங்கள். அவர் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. பிறர் செய்தியை உங்களிடம் கொண்டுவராதவராக இருந்தால் போதும். அதற்கும் மனம் இடம்தராவிட்டால், அறுவையின் பெயர், தேதி, மருத்துவரின் எண், உண்ணக் கூடாத மருந்துகள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். அது அங்கே இருப்பதை மட்டும் ஒருவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் மறைக்கவே கூடாது. எந்த நோய்க்குச் சிகிச்சை பெறச் சென்றாலும் இந்த அறுவையைச் சொல்லுங்கள். புதிய ஆயுள் அல்லது மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, முந்தைய அறுவை சிகிச்சை பற்றிய கேள்விக்கு உண்மையாக விடையளியுங்கள். இங்கே மறைத்தால், பிற்காலத்தில் உரிமைகோரல் நிராகரிக்கப்படலாம். அந்த இழப்பு உங்கள் குடும்பத்தைச் சேரும்.

நம் கணக்கர் மூன்றாம் வாரம் கடைக்குத் திரும்புகிறார். சட்டை சற்றே தளர்ந்திருக்கிறது. எதிர்க்கடைக்காரர் கேட்கிறார்; அவர் அந்த ஒரே விடையைச் சொல்லிவிட்டுப் பேரேட்டைத் திறக்கிறார். அடுத்த மேசைக்காரர் ஒருவருக்கு மட்டும் பணப்பையில் உள்ள அட்டை தெரியும். ஓராண்டு கழித்து அவரே விரும்பி எல்லோரிடமும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அந்தத் தீர்மானம் அவருடையது.