பீரில் வாழைப்பழ வாசனை வருவது எப்படி?

பவேரியாவின் கோதுமை பீரில் பழம் எதுவும் சேர்ப்பதில்லை. பிறகு அந்த வாசனை? அதற்கென்றே உள்ள ஈஸ்டின் வேலை, கூடவே சூட்டின் கைவரிசை.

மே மாத இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடும். மார்கழியில் சோம்பிக் கிடக்கும். ஈஸ்டும் அப்படித்தான். சூட்டில் விறுவிறுவென்று சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலோடு பழ மணப் பொருள்களையும் அதிகம் உமிழும்.

கோதுமை பீரும் அடங்கும் ஏல் வகை நொதிக்க 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் போதும். லாகர் என்ற இன்னொரு வகைக்கு 8 முதல் 13. அந்தக் குளிரில் பழ மணம் அடங்கிவிடும். சூடு எல்லை மீறினால்? பெயின்ட் தின்னர் நெடிதான் மிச்சம்!

வீட்டில் காய்ச்சுபவர்கள் அறை வெப்பத்தை நம்புவதில்லை. நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டைக் கிளப்பும். அதனால் வெப்பமானியை பீர் நொதிக்கும் வாளியிலேயே ஒட்டி, வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஐஸ் பாட்டில்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பிரிட்ஜ் இல்லாத காலத்தில்? 1553-இல் பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சவே தடை போட்டுவிட்டார்கள்.