வாடகைக்கு விட வீடு வாங்கலாமா? இறங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"சும்மா பேங்க்ல கிடக்கிற காச ஒரு வீட்டுல போட்டா மாசா மாசம் வாடகை வரும், விலையும் ஏறும்." கல்யாண மண்டபம் முதல் ஆபீஸ் கேண்டீன் வரை அடிக்கடி காதில் விழும் யோசனை இது. பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தோடு ஓய்வு பெறுபவர்களும், முதல் வீட்டின் கடனை அடைத்து முடித்தவர்களும் இரண்டாவதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பது வழக்கம்தான்.

யோசனை தவறல்ல. ஆனால், "வாடகையே இஎம்ஐ-யைக் கட்டிடும்" என்று நம்பி இறங்குபவர்கள் முதல் வருடத்திலேயே திணறுகிறார்கள். வீட்டு உரிமையாளர் ஆகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன?

வாடகை, இஎம்ஐ-க்குப் போதுமா?

சென்னைப் புறநகரில் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு மறுவிற்பனை ஃபிளாட் வாங்குவதாகவும், அதற்கு மாதம் 18,000 ரூபாய் வாடகை கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என 5.4 லட்சம் ரூபாய் பத்திரச் செலவு ஆகும். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 80% வரைதான் வங்கி கொடுக்கலாம். அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சமும் பத்திரச் செலவும் சேர்த்து 17.4 லட்சம் ரூபாயைச் சொந்தக் காசில் இருந்து போட வேண்டும்.

48 லட்சம் கடனுக்கு 8.5% வட்டி, 20 வருடத் தவணை என்றால் இஎம்ஐ சுமார் 41,650 ரூபாய். இதில் முதல் மாத வட்டி மட்டுமே 34,000 ரூபாய். வாடகை 18,000 ரூபாய் என்பதால், வட்டியையே அது முழுதாக அடைக்காது. மாதா மாதம் 23,650 ரூபாய் துண்டு விழும். அதைச் சம்பளத்தில் இருந்தோ, பென்ஷனில் இருந்தோதான் கட்ட வேண்டும்.

சரி, கடனே இல்லாமல் முழுப் பணத்தையும் போட்டால்? ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் வருடத்தில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்று வைத்தால், 11 மாத வாடகை 1,98,000 ரூபாய். சொத்து வரி, பெயின்ட், பிளம்பிங் என 21,000 ரூபாய் போனால் மிச்சம் 1,77,000. போட்ட 65.4 லட்சத்துக்கு இது சுமார் 2.7% தான். வங்கி எஃப்.டி. வட்டியைவிடக் குறைவு.

ஆக, இப்படிப்பட்ட வீட்டை வாங்குபவர் வாடகையை நம்பி வாங்கவில்லை, விலை ஏறும் என்பதை நம்பியே வாங்குகிறார். கட்டடம் வருடா வருடம் பழசாகும். விலை ஏறுவது நிலத்துக்கு. அதனால், ஃபிளாட்டோடு சேர்ந்து வரும் 'யுடிஎஸ்' எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பார்த்து வாங்குவது அவசியம்.

எந்த வீடு கட்டுப்படியாகும்?

நிலம் ஏற்கெனவே கையில் இருப்பவருக்குக் கணக்கு மாறும். சொந்த வீட்டின் மேல் 24 லட்சம் ரூபாயில் 1,000 சதுர அடிக்கு ஒரு மாடி போர்ஷன் கட்டி, 12,000 ரூபாய்க்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். 11 மாத வாடகையில் 12,000 ரூபாய் செலவு போனால் 1,20,000 மிஞ்சும். இது 5%. உரிமையாளர் கீழேயே குடியிருப்பதால் குழாய் ஒழுகினாலும் உடனே கவனிக்கலாம். அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்பதும், திட்ட அனுமதி வாங்குவதும் கட்டாயம்.

புதிதாக வாங்குவதென்றால், குடிவருபவர் எதைப் பார்ப்பாரோ அதை முதலில் பார்க்க வேண்டும்: தண்ணீர், பஸ் அல்லது ரயில் வசதி, வண்டி நிறுத்த இடம். கோடையில் ஒரு முறை போய் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்றும், மழைக்காலத்தில் ஒரு முறை போய் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும், 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துமூலமாக இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும்.

"11 மாசத்துக்கு எழுதினா பதிவே வேணாம்" என்பது பாதி உண்மைதான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது வேறு சட்டம். அதில் இருந்து தப்பிக்க வந்த பழக்கம்தான் 11 மாதம். வாடகை அதிகார அமைப்பில் செய்யும் பதிவுக்கு இந்த விலக்கு கிடையாது.

வாடகை பாக்கி வைத்தால் கரண்டை நிறுத்துவது, தண்ணீர் மோட்டாரைப் பூட்டுவது எல்லாம் சட்டப்படி தவறு. இரண்டு மாத பாக்கி சேர்ந்தால், வீட்டைக் காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். வீட்டைப் பார்வையிட வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். "என் வீடுதானே" என்று கதவைத் தட்ட முடியாது.

அட்வான்ஸ் யாருடைய பணம்?

சென்னையில் 10 மாத அட்வான்ஸ் வாங்குவது பல காலப் பழக்கம். புதிய சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

அட்வான்ஸை எடுத்துச் செலவு செய்துவிட்டு, அடுத்து வருபவர் கொடுப்பதை வைத்துப் பழையவருக்குத் தருவதுதான் பெரும்பாலான தகராறுகளுக்குத் தொடக்கம். மாத வாடகை இல்லாமல் மொத்தமாகச் சில லட்சங்கள் வாங்கும் ஒத்தி, போக்கியத்தில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. அந்தப் பணம் வருமானம் அல்ல, கடன். முழுதாகத் திருப்பித் தர வேண்டியது.

வருமான வரி எப்படி?

கட்டிய சொத்து வரியை வாடகையில் கழித்து, மீதியில் 30% நிலையான கழிவு கிடைக்கும். உண்மையில் எவ்வளவு செலவு செய்தாலும் இதே 30% தான். வீட்டுக் கடன் வட்டியையும் கழிக்கலாம். அப்படிக் கழித்து நஷ்டம் வந்தால், பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை சம்பள வருமானத்தில் ஈடுகட்டலாம். புதிய வரி முறையில் அது முடியாது. "வரி மிச்சமாகும்" என்று கடன் வாங்கச் சொல்பவர்கள் பல நேரம் இதைச் சொல்வதில்லை.

எப்போது தொடங்கலாம்?

வீட்டைப் பார்க்கப் போகும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

• இரண்டு மாதம் வீடு காலியாக இருந்தாலும் இஎம்ஐ தவறாமல் போகுமா? ஆறு மாத இஎம்ஐ அளவுக்குத் தனியாகப் பணம் இருப்பது பாதுகாப்பு.

• வாங்கிய அட்வான்ஸை அப்படியே வங்கியில் வைத்திருக்க முடியுமா?

• மருத்துவச் செலவோ, பிள்ளைகளின் படிப்புச் செலவோ வந்தால் வேறு பணம் இருக்கிறதா? அவசரத்துக்கு எஃப்.டி.யை ஒரே நாளில் உடைக்கலாம். வீட்டை விற்க மாதக் கணக்கில் ஆகும்.

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வீடு தேடத் தொடங்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இன்னும் கொஞ்ச காலம் சேமித்த பிறகு வாங்குவதே நல்லது.